பதினேழாம் எண் வீட்டுக்கு வந்த கவர்

மாநகராட்சிக்காரர்கள் வீடு வீடாக வந்து கேட்டது பணமோ பழைய துணியோ அல்ல, விலாசம். வீடில்லாதவர்களுக்கு அலுவலகக் கடிதங்கள் வந்து சேர ஒரு கதவு எண் வேண்டும். இருப்பவர்கள் தங்களுடையதைக் கொடுத்து உதவலாம் என்றார்கள். நான் அங்கேயே படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

"ரத்தம் குடுங்கன்னு கேட்டா மயக்கம் போட்டு விழுவாரு. கதவு நம்பர்னதும் பெரிய வள்ளலாயிட்டாரு" என்றாள் என் மனைவி.

எங்கள் பங்குக்கு வந்தவர் குடைக்காரர். தெருமுனைச் சலவைக் கடை வாசலில் குடை ரிப்பேர் செய்வார். கடை சாத்தியதும் அதே படியில் படுத்துக்கொள்வார். தினமும் மாலை ஆறு மணிக்கு எங்கள் கேட்டருகே நின்று, "சார், ஏதாச்சும் வந்துச்சா?" என்பார்.

"வரலியே."

"பரவால்ல, நாளைக்கு வரும்" என்று எனக்கே தைரியம் சொல்லிவிட்டுப் போவார். ஏழு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கே ஓடி வந்தார்.

"சார், ரூம் ஒதுக்கிட்டாங்களாம்! லெட்டர் போட்டுப் பத்து நாளாச்சாம். அதக் காட்டினாத்தான் சாவி. இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி. விட்டா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

தபால் பெட்டியைத் திறந்தேன். பல் டாக்டர் விளம்பரம் ஒன்று கிடந்தது. வேறொன்றும் இல்லை.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். "போன வாரம் ஒரு பழுப்புக் கவர் வந்துச்சுங்க. முன்பின் தெரியாத பேரு. இங்க அப்படி யாரும் இல்லைன்னு தபால்காரம்மாகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்."

"என்ன பேருங்க்கா?" என்றார் குடைக்காரர்.

சொன்னாள்.

"அது நான்தாங்க்கா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள்மேல் தப்பில்லை. படிவத்தில் அந்தப் பேரை என் கையால்தான் எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை, எழுதிய நானே மறந்தும் போனேன். எங்களுக்கு அவர் குடைக்காரர், அவ்வளவுதான்.

மனைவி என் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் ஓடினாள். இரண்டு தெரு தள்ளித் தபால் நிலையம். தபால்காரம்மா மேசையில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நான் குடுத்த கவரத் திருப்பி அனுப்பிட்டீங்களா?" உள்ளே நுழையும்போதே கேட்டாள் மனைவி.

தபால்காரம்மா இழுப்பறையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கவர்க் கட்டை எடுத்தார். "விலாசம் குடுத்த வீட்டுக்காரங்க எல்லாருமே முதல் கவரத் திருப்பித்தாங்க்கா குடுக்குறீங்க. ஒரு வீடு பாக்கியில்ல. அதான் உடனே அனுப்பாம ரெண்டு வாரம் வெச்சுப் பாக்குறேன்."

"எல்லாருமா?"

"பின்ன? நீங்களா ஒரு பேரு வெச்சுக் கூப்பிடுறீங்க. கவருல அந்தப் பேரா இருக்கும்?"

அந்தக் கவர்க் கட்டில் மூன்றாவதாக இருந்தது எங்கள் பதினேழாம் எண். மனைவிக்குப் போன உயிர் திரும்பியது. கவரை வாங்கி, மேலே இருந்த பேரை உரக்கப் படித்து, அதே பேரைச் சொல்லி, "இந்தாங்கண்ணே" என்று அவரிடம் நீட்டினாள்.

நானும் கூடவே பஸ் ஏறினேன். நான்கு இருபதுக்கு அலுவலகம் போய்ச் சேர்ந்தோம். நாலே முக்காலுக்குச் சாவி அவர் கையில் இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் சாவி அங்கேயே இருந்தது.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு மறுபடியும் கேட்டருகே நின்றார்.

"இனிமே என்ன வரப்போகுதுன்னு நிக்கிறீங்க?" என்றேன்.

"பழக்கதோஷம் சார்." மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். அவருடைய புது விலாசம், குண்டு குண்டான எழுத்தில்.

"உங்க லெட்டர் எதுவும் தவறிப் போச்சுன்னா இதுக்குப் போடச் சொல்லுங்க. நான் திருப்பி அனுப்ப மாட்டேன். உங்க பேரு எனக்குத் தெரியும்."

"நமக்கு நல்லா வேணும்" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.