புழங்காத காசு

1

இந்தக் கதை எனக்கு ஒரு விளம்பரத்திலிருந்து கிடைத்தது. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு பழைய பத்திரிகையில் பார்த்தேன்: ‘வெள்ளிக் காசு. கப்பல் முத்திரை. புழங்காதது.’ அந்தக் கடைசிச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. காசு அடிப்பதே நாலு பேர் கையில் புழங்கத்தானே? யார் கையிலும் புழங்காத காசுக்குத்தான் மதிப்பு என்றால், அதைத் தேடி வாங்குகிறவர் எப்படிப்பட்ட மனிதராக இருப்பார்? அங்கே பிறந்தது கதை.

(இப்போதைக்கு இதை நம்பி வையுங்கள், கண்ணுகளா.)

2

ஆரம்ப வரிகள் எழுதிப் பார்த்தேன்.

‘பொட்டலம் வந்த அன்று வானம் மூடிக்கொண்டு—’

வேண்டாம். வானத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

‘தராசுக்காரர் வாழ்நாளில் ஒருமுறைகூட ஏமாந்ததில்லை.’

இது இருக்கட்டும். தராசுக்காரர் என்றால் தராசு விற்கிறவர் இல்லை. கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க உத்தியோகம். முப்பத்தொரு வருஷம். படிக்கல்லின் அடியைக் குடைந்து எடை குறைத்தவன், தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டினவன், எல்லாரும் அவர் கண்ணில் மாட்டியவர்கள். ஓய்வு பெற்றதும் அந்தக் கண்ணுக்கு வேலையில்லாமல் போயிற்று. காசு சேர்க்க ஆரம்பித்தார். கப்பல் முத்திரை வரிசையில் ஒரே ஒரு வருஷத்துக் காசுதான் குறை.

அவர் மனைவிதான் எழுத்தில் சரியாக வரமாட்டேன் என்கிறாள். முதலில் வாயாடியாக எழுதினேன், பொருந்தவில்லை. அடுத்து வாயில்லாப் பூச்சியாக எழுதினேன், அதைவிடப் பொய். யாராவது முகத்தைத் தொங்கப்போட்டால் அதைத் தூக்கி நிறுத்தும்வரை இவளுக்கு இருப்புக்கொள்ளாது. அவ்வளவுதான் அவள் குற்றம்.

3

காசு வந்தபோது தராசுக்காரர் வெளியே போயிருந்தார். போன் செய்து, “பிரிச்சுப் பாரு, அதானான்னு,” என்றார். பிரித்துப் பார்த்தாள். கப்பல் இருந்தது. தொடாமல் பெட்டியை மூடி அவர் மேசைமேல் வைத்தாள்.

வீடு திரும்பியவர் கையைக் கழுவித் துடைத்தார். காசை விளிம்பில் பிடித்து ஜன்னல் ஓரம் சாய்த்தார். (அச்சிலிருந்து இறங்கியபடியே இருக்கிற காசைச் சாய்த்தால், வெளிச்சம் அதன்மேல் சக்கரம் மாதிரி சுற்றி ஓடும். யாராவது துணியால் தேய்த்துவிட்டால் பளபளப்பு இருக்கும், ஓட்டம் இருக்காது. போன ஓட்டம் திரும்பி வராது.) வெளிச்சம் ஓடவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தார். காசு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்த மெல்லிய கீறல்கள். எப்போதோ, எவனோ, பளபளக்கட்டும் என்று அழுத்தித் துடைத்திருக்கிறான்.

திருப்பி அனுப்பிவிடலாமே என்றாள் மனைவி. ஏழு நாள் கெடு இருந்தது. அவருக்கு அது காதில் ஏறவில்லை. வாங்குவதற்கு முன்னால் பதினோரு நாள் விற்றவர் அனுப்பிய காசின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, ‘சரியான சரக்கு’ என்று சொன்னவர் அவர்தான். இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார். மூன்றாம் நாள் கேட்டார்:

“நீ தொட்டியா?”

அதட்டலாக இல்லை. ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாளா என்கிற குரல்.

4

இந்த இடத்தில் அவள் ‘ஆமாம்’ என்றாள் என்று எழுதினேன். ஏன் சொன்னாள் என்பதற்கு இரண்டு பக்கம் மனதின் ஆழம், பெண் என்கிற பிறவி என்றெல்லாம் எழுதி, படித்துப் பார்த்து, கிழித்துப் போட்டேன்.

பல் டாக்டரும் இல்லை, பத்திரிகையும் இல்லை. அவள் என் தங்கை. அவர் கேட்டதும் அவள் கொல்லைப்பக்கம் போய் எனக்குப் போன் செய்தாள். நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன்.

“ஆமான்னு சொல்லித் தொலையேன்டி,” என்றேன். “ரெண்டு திட்டு திட்டுவாரு. அப்புறம் சாப்பிடுவாரு.”

“நான் தொடவே இல்லையேக்கா.”

“தொட்டா என்ன, தொடாட்டி என்ன. காசுதானே.”

முதல் எழுத்தில் இந்தப் பேச்சு இல்லை. என் கைபட்ட இடத்தை மட்டும் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தேன்.

5

போய் ஆமாம் என்றாள். அவர் திட்டவில்லை. அன்று மதியமே சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, விற்றவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அனுப்புவதற்கு முன்னால் அவளை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார்: குறை உங்கள் சரக்கில் இல்லை, என் வீட்டில் நேர்ந்த தவறு, மனதுக்குள் உங்களைச் சந்தேகப்பட்டேன், மன்னியுங்கள்.

காசு அறைக்குப் பூட்டு வந்தது. அதுகூடப் போகட்டும். அவள் கழுவி வைத்த டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தானே மறுபடி கழுவித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்தவர்களிடம், கோபமே இல்லாமல், இவ கை பட்டா எதுவும் தாங்காது என்று சொன்னார். நாலு மாதம். இரண்டு வீட்டுக்கு இடையே பேச்சு நின்றால் ‘நாங்கள் புழங்குவதில்லை’ என்போம். ஒரே கூரைக்குள் இருவர் அப்படி இருப்பதற்கு என்ன சொல் என்று

(தேடினேன். கிடைக்கவில்லை. வாக்கியம் அப்படியே நிற்கட்டும்.)

கடிதம் கிடைத்தவன் பதில் போட்டான். உங்களைப்போல நேர்மையானவர் கிடைப்பது அபூர்வம்; உங்களுக்காகவே அதே வருஷத்துக் காசு இன்னொன்று எடுத்து வைத்திருக்கிறேன்; இதுவும் புழங்காதது. அவனும் என்ன செய்வான் பாவம், தானாக வந்து வலையில் உட்கார்கிற மீனை விரட்டவா முடியும்? யோக்கியமான ஆளு என்று தராசுக்காரர் அதையும் வாங்கினார்.

6

இந்தத் தடவை அவளைக் கூப்பிட்டார். “வந்து உட்காரு. கைய மடியில வச்சுக்க. நான் பிரிக்கிறேன், பாத்துக்க.”

அரக்கு ஒட்டிய பொட்டலத்தை அவரே கத்தரித்தார். காசை விளிம்பில் பிடித்துச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். அதே கீறல்கள், அதே சாய்வில். ஒரே துணி, ஒரே கை.

அவருக்குப் புரிந்துவிட்டது. அது புரிவதை என் தங்கை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தாள். முகம் அப்படியே எறங்கிப்போச்சுக்கா என்றாள் என்னிடம். இந்தக் காசு மட்டுமில்லை. அந்தக் கடிதம், டம்ளர், நாலு மாதம், எல்லாம் அவர்மேல் இறங்கியிருக்க வேண்டும். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்தபடி கேட்டார்:

“இதையும் நீ தொட்டியா?”

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள்.

7

எழுதிப் பார்த்த முடிவுகளை மறைக்காமல் சொல்கிறேன்.

ஒன்றில் அவள் ஆமாம் என்கிறாள். அவர் தலையாட்டுகிறார். பொய் என்று இருவருக்கும் தெரிந்தே, கடைசிக் காலம்வரை அவர் டம்ளரைத் தானே கழுவிக்கொள்கிறார்.

இன்னொன்றில் இல்லை என்கிறாள். இதையும் இல்லை, அதையும் இல்லை. அந்த மனிதர் தன் முப்பத்தொரு வருஷத்துக் கண்ணை மேசைமேல் வைத்துவிட்டு—

(இதற்குமேல் எழுத வரவில்லை.)

மூன்றாவதில் நான் போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, அந்தப் பொய் என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறேன். அழகாக வந்திருந்தது. அதில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

உண்மையில் நடந்தது: எனக்கு வாய் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். எட்டு நாளாயிற்று. அவள் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

ஆகவே முடிவு உங்களுடையது. அவள் இடத்தில் நின்று பார்க்காதீர்கள். அவளுக்காக அழுதுவிட்டுப் போய்விடுவீர்கள். என் இடத்துக்கு வாருங்கள். போனைக் காதில் வையுங்கள். அடுத்த அறையில் அவர் காத்திருக்கிறார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவள் மெதுவாகக் கேட்கிறாள்:

“என்ன சொல்லட்டும்க்கா?”