யாருக்கும் ஒட்டாத ஜலதோஷம்

ஜலதோஷத்துக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் மாயா ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பாள். "யாருகிட்ட இருந்து வந்துச்சு?"

முதலில் யாரும் ஆளைச் சொல்ல மாட்டார்கள். மோர் குடித்தேன், தலைக்குக் குளித்துவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்தேன், எண்ணூர்ச் சாம்பல் காற்று என்பார்கள். மாயா விடமாட்டாள். இரண்டு மூன்று நாளைக்கு முன்னால் யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், வீட்டில் முதலில் தும்மியது யார் என்று கேட்டுக்கொண்டே போவாள். கொஞ்சம் யோசித்தால் ஆள் கிடைத்துவிடும். பஸ்ஸில் தோளில் தூங்கி விழுந்தவர், கைக்குட்டையை மேஜைமேல் வைக்கும் சூப்பர்வைசர், பால்வாடியிலிருந்து மூக்கொழுக வந்த பிள்ளை. ஒருமுறை ஒரே தெருவைச் சேர்ந்த பதினோரு பேரை விசாரித்து, எல்லோரும் ஒரே வளைகாப்பில் சாப்பிட்டவர்கள் என்று கண்டுபிடித்தாள். அதனால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கடை செல்லக்கனி அண்ணாச்சியுடையது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, திருவொற்றியூர் டோல்கேட்டில் முப்பது வருஷமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறார். மாயா வியாசர்பாடிக்காரி. பி.ஃபார்ம் முடித்துவிட்டு நாலு வருஷமாக அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். "மாத்திரையக் குடுத்தமா, அனுப்புனமான்னு இல்லாம போலீஸ் மாதிரி விசாரிச்சுக்கிட்டு இருக்கா" என்று அண்ணாச்சி முணுமுணுப்பார். ஆனால் தடுக்க மாட்டார்.

எதிரே ஷேர் ஆட்டோ ஸ்டாண்ட். டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை ஓட்டுகிறவர்களில் நீலமேகம் ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அக்டோபர் கடைசியில் மூக்கு அடைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மச்சானிடமிருந்து ஒட்டியது என்று கேட்காமலே சொன்னார். மாயாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆவி பிடிக்கச் சொல்லி, ஒரு மாத்திரையும் மூக்கில் விடுகிற சொட்டு மருந்தும் கொடுத்தாள்.

பிறகும் கூட்டமான நேரங்களில் வந்து அந்தச் சொட்டு மருந்தை மட்டும் வாங்கிப் போனார். பொங்கல் முடிந்த வாரத்தில் மறுபடி அதையே கேட்டு வந்தார். முகத்தில் மாஸ்க். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"இந்தத் தடவ யாருகிட்ட இருந்துண்ணா?"

"இது அதேதாம்மா. மச்சான் குட்த்தது."

"அது அக்டோபர்ல."

"உடவே மாட்டேங்குது. மூணு மாசமா பேஜாரு. பக்கத்துல குந்தறவங்கல்லாம் நான் மூக்க உறியறதப் பாத்துட்டு எறங்கி வேற வண்டில போறாங்க."

வரிசையில் நாலைந்து பேர் நின்றதால் மாயா மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஆனால் விஷயம் மண்டைக்குள் குடைந்தது. ஜலதோஷம் ஒரு வாரம் இருக்கும், மிஞ்சிப் போனால் பத்துப் பதினைந்து நாள். மருந்து சாப்பிட்டாலும் போகும், சாப்பிடாவிட்டாலும் போகும். மூன்று மாதம் ஒருவர் மூக்கிலேயே குடியிருக்காது.

அடுத்த புதன்கிழமை ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். தடுப்பூசி போட்ட குழந்தை, காய்ச்சலுக்கு நர்ஸ் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து வேண்டும் என்று சீட்டை நீட்டினாள். குழந்தைக்குப் பெயர் மகிழினியாம். எந்த வீடு என்று மாயா கேட்டபோது, அவள் ஆட்டோ ஸ்டாண்டைக் கை காட்டினாள்.

"நீலமேகம் கீறாருல்ல, அவரு பொஞ்சாதி. எம்பேரு அம்சா."

"அண்ணனுக்கு சளி எப்படி இருக்கு?"

அம்சாவின் முகம் மாறியது. "சளியா அது? இன்னாவோ ஒண்ணு. பொண்ணு பொறந்து மூணு மாசமாவுது. இன்னும் ஒரு தபா கூட அவரு தூக்கலக்கா. சளி ஒட்டிக்கும், ஒட்டிக்கும்னுட்டு வாசப்படியாண்டயே குந்திக்கிறாரு. வராண்டாலதான் படுக்கறாரு."

"பயந்துதானே அப்படி இருக்காரு."

"பெரியவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரிலயே கையில வாங்கிக்கினாரு. இது பொண்ணு. அதான் சாக்கு சொல்றாருன்னு எங்கம்மா சொல்லுது. நானும் அப்டித்தான் நெனச்சிகினு கீறேன்."

மாயா கவுண்டர்மேல் கையை ஊன்றிக்கொண்டு யோசித்தாள். "அம்சா, பெரிய பையனுக்கு சளி பிடிச்சுதா?"

"இல்லியே."

"உனக்கு? உங்கம்மாவுக்கு?"

"யாருக்கும் இல்லக்கா. ஒரே ரூம்பு, ஒரே துண்டு, பையன் அவரு தட்டுலதான் துன்னுவான். ஒருத்தருக்கும் ஒண்ணும் வர்ல. அதான் சொல்றேன், அது சளியே இல்ல."

அவள் போன பிறகும் அந்தக் கடைசி வார்த்தை மாயாவை விடவில்லை. அடைபட்ட மூக்கும் மாறிப்போன குரலும் நடிப்பல்ல. அவளே பார்த்திருக்கிறாள். ஆனால் ஜலதோஷம் என்றால் மூன்று மாதத்தில் அந்த ஒற்றை அறையைச் சும்மா விட்டிருக்குமா? பக்கத்தில் இருக்கிற எவரையும் தொடாத ஜலதோஷம் எங்கே இருக்கிறது?

அலமாரியிலிருந்து, நீலமேகத்துக்குக் கொடுத்த மூக்குச் சொட்டு மருந்து டப்பா ஒன்றை எடுத்தாள். உள்ளே எட்டாக மடித்திருந்த தாளை விரித்துப் படித்தபோதே பதில் கிடைத்துவிட்டது. காலேஜில் படித்ததுதான். மூக்குக்குள் வீங்கிய ரத்தக் குழாய்களை இந்த மருந்து சட்டென்று சுருக்கிவிடும், மூச்சு வரும். நாலைந்து நாளுக்கு மேல் விட்டுக்கொண்டே இருந்தால், மருந்தின் வேகம் தீர்ந்ததும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கிக்கொள்ளும். மறுபடி விடச் சொல்லும். ஜலதோஷம் எப்போதோ போயிருக்கும், அடைப்பு மட்டும் போகாது.

நவம்பர், டிசம்பரில் தானே எத்தனை டப்பா எடுத்துக் கொடுத்தோம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எல்லோரையும் துருவித் துருவிக் கேட்கிறவள், எத்தனை நாளாக விடுகிறீர்கள் என்று இவரிடம் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை நீலமேகம் வந்தபோது அவள் மருந்தை எடுக்கவில்லை.

"அண்ணா, ஒரு நாளைக்கு எத்தனை தடவ விடறீங்க?"

"அதெல்லாம் யாரு பாத்தது? சிக்னல்ல நின்னா ஒரு தபா, கன்டெய்னர் டிரெய்லர் லைன்ல மாட்டினா ஒரு தபா. சீக்கிரம் குடும்மா, வண்டில ஆள் குந்திகினு கீது."

"உங்களுக்கு இப்ப சளி இல்லண்ணா. இந்த மருந்துதான் மூக்க அடைக்குது."

நீலமேகம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "இத உட்டாதான் தொறக்குது. இது எப்டி அடைக்கும்?"

"தொறந்துட்டு, அப்புறம் முன்னவிட கெட்டியா அடைக்கும். அதான் நிறுத்த முடியல. நானும் யோசிக்காம குடுத்துட்டேன். தப்பு என்மேலயும் இருக்கு."

"மாயா, அவரு கேக்காருல்லா, குடுத்து அனுப்பு" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. இவருக்கு இது குடுக்கக் கூடாது."

நீலமேகம் ரோட்டைக் கடந்து வேறு கடைக்குப் போனார். அங்கே கேட்டதும் கிடைத்தது. மாயா பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

திங்கள் காலை அவரே வந்து கவுண்டர் ஓரமாக நின்றார். "நீ சொன்னது நெசமான்னு எப்டி தெரிஞ்சிக்கறது?"

அந்தக் கேள்வி மாயாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "ஒரு பக்கம் மட்டும் நிறுத்துங்க. இடது மூக்குல வழக்கம்போல விடுங்க. வலதுல விடாதீங்க, வெறும் உப்புத் தண்ணி சொட்டு மட்டும். நான் சொல்றது சரின்னா, மருந்து விடாத பக்கம் தானா தொறக்கணும். முதல் சில நாள் கஷ்டமா இருக்கும். அதோட பெரியாஸ்பத்திரில காது மூக்கு டாக்டரயும் பாத்துடுங்க. நான் டாக்டர் இல்ல."

அவர் போய்ப் பார்த்தார். டாக்டர் மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். வீக்கம் வடிய வேறொரு ஸ்பிரே எழுதிக் கொடுத்து, ஒரு பக்கமாக நிறுத்துவதும் நல்ல வழிதான் என்றாராம்.

அதற்குப் பிறகு நீலமேகம் தினமும் சவாரிக்கு நடுவே வந்து ஸ்கோர் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் நாள், "வலது சுத்தமா செத்துப்போச்சு. வாயாலதான் மூச்சு." நாலாம் நாள், "தல கனமா கீது. அம்சா திட்டுது." ஆறாம் நாள் அவரைக் காணோம். சொட்டு மருந்துக்கே திரும்பிவிட்டார் போலிருக்கிறது என்று மாயா நினைத்தாள். அண்ணாச்சிகூட ஒருமுறை கடைக்கு வெளியே வந்து ஸ்டாண்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். இடது மூக்கை விரலால் அழுத்தி, வலது பக்கம் நீளமாக இழுத்துக் காட்டினார்.

"மணலி ரிஃபைனரி நாத்தம்மா! மூணு மாசம் கழிச்சு அடிக்குது. சத்தியமூர்த்தி நகர்ல வண்டிய ஓரங்கட்டிட்டு இழுத்து இழுத்துப் பாத்தேன். பின்னால குந்திகினு இருந்த அம்மா பைத்தியம்னு நெனச்சிருக்கும்."

"இடது பக்கம்?"

"அது இன்னும் மருந்து கேக்குது. மருந்து போட்ட மூக்கு அடைக்குது, போடாத மூக்கு தொறக்குது. இன்னா கூத்து பாரு."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எங்க, இன்னொருக்க இழுத்துக் காட்டும்" என்றார். நீலமேகம் மறுபடி இழுத்துக் காட்டினார். அன்றைக்கே இடது பக்கத்தையும் நிறுத்தினார். இன்னும் பத்து நாளில் அதுவும் திறந்துவிட்டது.

அது திறந்த அன்று சாயங்காலம் அம்சா குழந்தையோடு ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். நீலமேகம் ஆட்டோவிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தார்.

"இப்ப தூக்கலாமா?"

"தாராளமா தூக்கலாம்ணா."

"ஒட்டாதே?"

"ஒட்ட ஒண்ணுமே இல்ல. மச்சான் குடுத்த சளி நவம்பர்லயே போயிருக்கும்."

அவர் நகரவில்லை. கணக்குப் போடுகிறவர்போல் நின்றார். "அப்ப நவம்பர்லயே தூக்கி இருக்கலாம்."

மாயா மெல்லத் தலையாட்டினாள். அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி ரோட்டைக் கடந்து போனார்.

அம்சாவிடம் அவர் என்ன சொன்னார் என்பது லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை. அம்சா ஏதோ கோபமாகக் கேட்டாள். அவர் மூக்கைக் காட்டினார், கடையைக் காட்டினார். அவள் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குழந்தையின் கழுத்துக்கு அடியில் கை கொடுத்து அவரிடம் நீட்டினாள். மகிழினிக்கு அப்பா புது ஆள். வீறிட்டு அழுதாள். அவர் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. ஆட்டோவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பயணிகள் இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்துகொண்டே, வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச்சில் பெரிய பையன் பள்ளிக்கூடத்திலிருந்து நிஜமான ஜலதோஷம் ஒன்றை வாங்கி வந்தான். மூன்றாம் நாள் குழந்தைக்கும் மூக்கு ஒழுகியது. அம்சா உடனே டாக்டரிடம் தூக்கிப் போனாள். பயப்பட ஒன்றுமில்லை, உப்புத் தண்ணிச் சொட்டு போதும், பால் குடிக்காவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தச் சொட்டை வாங்க வந்தபோது அம்சாதான் மாயாவிடம் சொன்னாள்.

"படுக்கப் போட்டா மூக்கு அடைச்சிகினு அழுவுது. அதனால அவரு தோள்மேல போட்டுகினே குந்திகினு கீறாரு. உனக்கும் வந்துடும், குடுன்னு கேட்டா, வரட்டும்னு சொல்றாரு."

"வந்துச்சா?"

"நேத்து ராத்திரிலருந்து தும்மிகினு கீறாரு" என்று சொல்லிவிட்டு, அம்சா முதல்முறையாகச் சிரித்தாள்.