மணிமாறனுக்குத் தெரிந்தவை மட்டும்

1

கரன்ட் போன ஒரு மத்தியானத்தில் கிடைத்த கதை இது. விழுப்புரம் கோர்ட்டுக்குப் பக்கத்தில், என் கதைகளை டைப் அடிக்கக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. கையால் எழுதித்தான் எனக்குப் பழக்கம். கம்ப்யூட்டர் இருண்டதும், அங்கே வேலை செய்யும் பெண் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"சார், உங்க போனக் கொஞ்சம் பைக் பெட்டியில வெச்சிட்டு வர்றீங்களா?"

வைத்துவிட்டு வந்தேன். சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டதற்கு மறுநாள்தான் பதில் வந்தது.

"எழுதுங்க. ஆனா மணிமாறன் மாமாவுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதான் இருக்கணும். தெரியாதது ஒரு வரி இருந்தாலும் டைப் பண்ணும்போதே எடுத்துடுவேன்."

ஆகவே, கையெழுத்து என்னுடையது, டைப் அவளுடையது. [இப்படிச் சதுர அடைப்புக்குள் வருவது அவள் கைவைத்த இடம்.] கதைக்குள் அவளுக்கு பானுப்ரியா என்று பெயர். அவளே தேர்ந்தெடுத்தது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

திண்டிவனத்தின் மேல் மேகங்கள் திரண்டிருந்த ஒரு

மேகம் எதற்கு? அன்றைக்கு நல்ல வெயில் என்றாள் பானு. அடித்துவிட்டேன். அடுத்து:

உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று நம்முடைய அடுப்படிச் சுவரில் காதை வைத்துக்கொண்டு

இது மேடைப் பேச்சு. இதையும் அடித்தேன். ஆனாலும் கொஞ்சம் விளக்கம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கர்கள் இப்போது நிறைய வீடுகளில் இருக்கின்றன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது விழித்துக்கொள்ளும் என்பார்கள். சில சமயம் வேறு ஏதாவது சத்தத்தைத் தன் பெயர் என்று நினைத்தும் விழித்துக்கொள்ளும். விழித்தால் காதில் விழுவதையெல்லாம் எங்கோ தூரத்துக்கு அனுப்பும். நம் தமிழை அந்த மெஷின் சரியாகப் புரிந்துகொள்கிறதா என்று பார்க்க மனிதக் காது வேண்டுமல்லவா? அந்தக் காதுகளில் சில, திண்டிவனத்தில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்தன. பானு அங்கேதான் வேலை பார்த்தாள்.

ஹெட்போனில் ஒரு துண்டுப் பேச்சு வரும். கேட்டதை அப்படியே டைப் செய்ய வேண்டும். ஆணா, பெண்ணா, குழந்தையா என்று டிக் செய்ய வேண்டும். பிறகு அடுத்தது. பேசுகிறவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. முருகன் பாட்டுப் போடு என்பார்கள். நாய் மாதிரி குரைத்துக் காட்டு என்று குழந்தைகள் கேட்கும். யாருமில்லாத வீட்டில் ஒரு பெரியவர் மெஷினிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டதுண்டு.

"ஊர்ல இருக்கற வூட்டு ஜன்னலெல்லாம் ஒவ்வொண்ணா தெறந்து மூடற மாதிரி இருக்கும் சார்" என்றாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

3

சாப்பாட்டு இடைவேளை முடிந்து உட்கார்ந்ததும் அந்தத் துண்டு வந்தது. முதலில் ஓர் ஆண் குரல். கத்தவில்லை; கடையில் விலை சொல்வதுபோல நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது. ஒரு பாத்திரம் உருண்டது. அறை விழும் சத்தம். மறுபடி ஒன்று. பிறகு ஒரு பெண் குரல் சொன்னது:

"

[எடுத்துட்டேன். — பா.]

ஏன் எடுத்தாள் என்று கேட்டேன். அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

அந்தக் குரலை பானுவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று தினமும் அவள் போர்வையை உருவிய குரல். கூடப் பிறந்த அக்கா வேணி. கோலியனூரில் மணிமாறனுக்கு வாக்கப்பட்டவள். போனில் எப்போது கேட்டாலும் "எனக்கு இன்னா கொறச்சல்" என்று சொல்கிறவள்.

பானு ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் குனிந்து டைப் செய்துகொண்டிருந்தார்கள். மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டாள். ஆண் குரல் மாமாதான். எழுந்து சூப்பர்வைசர் சுதாகரிடம் போனாள்.

"அண்ணா, க்ளிப்புல யாருக்காவது ஆபத்துன்னா எங்க சொல்லணும்?"

"மனசக் கஷ்டப்படுத்தற விஷயம்னு ஒரு கட்டம் இருக்கில்ல? டிக் பண்ணிட்டு ஸ்கிப் பண்ணு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அடுத்த க்ளிப்பு."

"எனக்குத் தெரிஞ்ச கொரலா இருந்தா?"

சுதாகர் டீ கிளாசைக் கீழே வைத்தான்.* "தெரிஞ்ச கொரலுன்னு ஒண்ணு கெடையாது பானு. கையெழுத்துப் போட்டுட்டுத்தான உள்ள வந்த? வெளிய சொன்னா வேலை போவும், கேஸு வரும். பேஜாரு. அது அவங்க ப்ரைவசி."

"யாரோடது?"

சுதாகருக்குக் கேள்வி புரியவில்லை. பானு திரும்பிப் போய் கட்டத்தில் டிக் செய்தாள். அடுத்த துண்டில் யாரோ நாளைக்கு மழை வருமா என்று கேட்டார்கள். அதை டைப் செய்தாள்.

* சுதாகரை வில்லனாக்கப் பார்த்தேன். அவனுக்கும் மேலே ஓர் ஆள், அந்த ஆளுக்கு மேலே இன்னோர் ஆள் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசி ஆளை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. விட்டுவிட்டேன்.

4

ஞாயிற்றுக்கிழமை அப்பா நிலத்து வேர்க்கடலையை, அந்தப் பக்கத்து மல்லாட்டையை, ஒரு பையில் கட்டிக்கொண்டு கோலியனூருக்குப் போனாள். மணிமாறன் வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார்.

"வா பானு. அப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்குது? இந்த தரம் நல்ல மகசூலா?" விசாரித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

வீட்டுக்குள் ஃப்ரிட்ஜின் மேல் அந்த ஸ்பீக்கர் இருந்தது. பானு அதைப் பார்க்காமல் பின்பக்கம் போனாள். வேணி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய குழந்தை சோப்பு நுரையை அள்ளி ஊதிக்கொண்டிருந்தது. [கொழந்த பேரு வேணாம். — பா.]

"அக்கா, மாமா உன்ன அடிக்கிறாரா?"

வேணி நிமிரவில்லை. "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் கேட்டேன்."

"யாரக் கேட்ட?"

"யாரையும் கேக்கலக்கா. காதால கேட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்: ஸ்பீக்கர், துணிக்கடை மாடி, ஹெட்போன். வேணி கையிலிருந்த சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள்.

"நீ மட்டுந்தான் கேட்டியா?"

"தெரியலக்கா. சரிபாக்கறதுக்கு இன்னும் ரெண்டு மூணு பேருக்குப் போவும்."

வேணி துவைக்கும் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பக்கத்து வூட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு, அவரு கைய ஓங்கும்போதெல்லாம் நான் மிக்ஸியப் போட்டுக்கினு இருந்தேன்டி."

பானு அழுதாள். வேணி அழவில்லை. கேட்டாள்:

"என் கொரலு எப்படி இருந்துச்சு?"

"இன்னாக்கா?"

"கெஞ்சினேனா?"

"இல்லக்கா. கெஞ்சல."

[கடைசி நாலு வரியும் மாமாவுக்குத் தெரியாது. சார் எழுதல, நான்தான் சேத்தேன். மாமா படிக்கட்டும். — பா.]

"என்கூட வந்துடுக்கா. திண்டிவனம் போயிடலாம்."

"நீ ஜல்தியா கெளம்பு. அவரு சாப்பிட வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டு வேணி துணிகளை உதறிக் கொடியில் போட ஆரம்பித்தாள். குழந்தை அங்கேயேதான் நின்றிருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

5

மணிமாறனை என் முதல் பிரதியில் குடிகாரனாக்கியிருந்தேன். கண் சிவந்து, லுங்கி அவிழ்ந்து.

"அவரு டீ கூட குடிக்க மாட்டாரு சார்" என்றாள் பானு. "கூட்டு ரோட்டுல பம்புசெட்டுக் கடை. யாரையும் வாடா போடான்னு பேச மாட்டாரு."

பிறகு ஒரு காரணம் தேடினேன். சிறுவயதில் மணிமாறனின் தந்தை தினமும்

இதை பானு எடுக்கவில்லை, நானே நிறுத்திக்கொண்டேன். காரணம் எழுதினால் அவர் அதைப் பிடித்துக்கொள்வார் என்று தோன்றியது.

பகலில் அம்மா வேலையாக இருப்பாள், அப்பா கடைக்குப் போயிருப்பார். குழந்தைக்குப் பேச்சுத்துணை அந்த ஸ்பீக்கர்தான். பள்ளிக்கூடத்தில் யார் அடித்தார்கள், பூனை எங்கே குட்டி போட்டது, எல்லாவற்றையும் அதனிடம்தான் சொல்லும். பானு வந்துவிட்டுப் போன சாயங்காலம், பின்பக்கம் பேசியதைத் தனக்கு நினைவிருந்த வரைக்கும் அதனிடம் ஒப்பித்துவிட்டுக் கேட்டிருக்கிறது:

"அம்மா அழுததை நீ சித்திகிட்ட சொன்னியா?"

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது ஸ்பீக்கர்.

அந்த ஸ்பீக்கரிடம் பேசுவதெல்லாம் அதை வாங்கியவரின் போனில் எழுத்தாகவும் ஒலியாகவும் சேர்ந்துகொண்டே இருக்கும். மணிமாறன் கடையில் உட்கார்ந்து அதைப் படித்தார். பழைய பதிவுகளுக்குப் போனார். தன் குரலையே கேட்டார்.

வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடவில்லை. கம்பெனிக்கு எழுதினார்: என் வீட்டுக்குள் பேசியது என் அனுமதி இல்லாமல் பதிவாகியிருக்கிறது, உங்கள் ஊழியர் ஒருவர் அதைக் கேட்டு வெளியில் சொல்லியிருக்கிறார், என் அந்தரங்கத்துக்கு என்ன மரியாதை? அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். பானுவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சுதாகர் படி வரைக்கும் கூடவே வந்தான். பஸ்ஸுக்கு நிற்கும்போது வேணியின் நம்பரிலிருந்து போன் வந்தது.

"இனிமே இங்க வராத பானு. போனும் பண்ணாத."

பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

பானு விழுப்புரத்தில் வக்கீல் அரங்கநாதனைப் பார்த்தாள். அந்தப் பதிவு ஒன்றுதான் சாட்சி, அதை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லிக் கேட்போம் என்றார் அவர்; கம்பெனிக்கு எழுதினார். வந்த பதிலை பானு மனப்பாடமாகச் சொல்வாள்: "வாடிக்கையாளரின் கோரிக்கையை ஏற்று, அவர் குறிப்பிட்ட குரல் பதிவுகள் நிரந்தரமாக நீக்கப்பட்டுவிட்டன. தனிமனித அந்தரங்கத்தை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்."

கெஞ்சியதோ கெஞ்சாததோ, அந்தக் குரல் வேணியுடையது. ஸ்பீக்கரின் கணக்கு மணிமாறன் பேரில் இருந்தது.

6

பானு எனக்குச் சொன்ன கதை அதோடு சரி. முடிவு நான்தான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

அ) வேணி ஸ்பீக்கரைத் தூக்கிக் கிணற்றில் போடுகிறாள். ["அக்கா வூட்ல கெணறு ஏது சார்?" — பா.]

ஆ) சில வருடங்கள் கழித்து, தன் சொந்தத் தையல் கடை வாசலில் வேணி

இ) ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது.

இ-யைத்தான் வைத்துக்கொள்வதாக இருந்தேன். பானு அதை டைப் செய்துகொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்து "வணக்கம் சார்" என்றார். பானுவின் கை கீபோர்டில் அப்படியே நின்றதைப் பார்த்துத்தான் அவர் யாரென்று எனக்குப் புரிந்தது. நான் கற்பனை செய்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

"வேணி எங்க பானு?"

"வூட்ல இல்லியா?"

"கொழந்தயக் கூட்டிக்கினு போயிட்டா. போன மேஜ மேலயே வெச்சிட்டுப் போயிட்டா. உங்க அப்பா வூட்ல பாத்துட்டேன்."

அவள் முகத்தைப் படித்தார். அதில் கிடைத்தது போதவில்லை போல. தன் போனை எடுத்து எதையோ ஓடவிட்டார். ஒரு குழந்தைக் குரல். ஸ்பீக்கரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, ரகசியம் பேசுவதுபோல:

"நாங்க எங்க போறோம்னு சொல்லட்டா?"

"சொல்லுங்கள்" என்றது மெஷின்.

குழந்தை மூச்சை இழுத்தது. அதோடு நின்றுவிட்டது.

"ப்ளக்கப் புடுங்கியிருக்கா" என்றார் மணிமாறன். "ஆனா பின்னால ஏதோ சத்தம் இருக்குது. எனக்குப் பிரியல. உனக்கு இதான வேல? கேட்டுச் சொல்லு."

இயர்போனை நீட்டினார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பானு வாங்கி மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடிக் கேட்டாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். கேட்டாள்.

"ஃபேன் சத்தம் மாமா."

"நல்லாக் கேட்டியா?"

"ஃபேனுதான்."

அவர் இயர்போனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கோபம் இல்லை. பம்பு எத்தனை நாள் உழைக்கும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"எங்க போனாலும் கொழந்தய ஸ்கூல்ல சேக்கணும். ஒடம்புக்கு முடியலன்னா ஆஸ்பத்திரிக்குப் போவணும். எல்லா எடத்துலயும் போன் நம்பரு கேப்பாங்க. அவ ஆதார்ல இருக்கறதும் என் நம்பருதான், கொழந்தயோடதும் என் நம்பருதான். மெசேஜ் எனக்குத்தான் வரும். நான் ஒண்ணும் அலைய வேணாம்." வாசலில் நின்று செருப்பை மாட்டினார். "வர்றேன் சார்."

7

அவர் போன பிறகு பானுவிடம் கேட்டேன், அது ஃபேன்தானா என்று.

"டைப் பண்ணட்டுமா சார்?" என்றாள்.

எனவே எனக்கும் தெரியாது. வேணி எந்த பஸ்ஸில் ஏறினாள், கூட யார் இருந்தார்கள், இப்போது அந்தக் குழந்தை யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறது, எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் இந்தப் பக்கத்தில் இருக்காது. இதுவரை படித்ததில் அந்த நாலு வரியைத் தவிர மற்றதெல்லாம் மணிமாறனுக்குத் தெரிந்தது. நம்பரைப் பற்றி அவர் சொன்னதும் உண்மை. நான் விசாரித்துப் பார்த்தேன்.

கதைக்கு இனி இருப்பது ஒரே ஓர் இடம். அது நடந்துவிட்டதா, இனிமேல்தானா என்று சொல்ல முடியாது. ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு கவுன்ட்டர். பள்ளிக்கூடமாக இருக்கலாம், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு வந்த கிளினிக்காக இருக்கலாம். உள்ளே இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "ஆதார்ல இருக்கற போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்பார். நம்பர் போடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. வெளியே நிற்கும் பெண் குழந்தையின் வாயை லேசாகக் கையால் பொத்திக்கொண்டு, பதில் சொல்லாமல் நிற்பாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். கவுன்ட்டருக்குள் இருக்கும் அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியாது. இதைப் படிக்கும் உங்களில் யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பீர்கள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு நீங்கள்