மாமா செய்த உதவி

ஊரில் உள்ள ஏசியெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன் வீட்டில் மாமனார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? என் மச்சானுக்கு வந்தது. "ஞாயித்துக்கிழமை வரேன். அன்னைக்கும் வீடு இப்படியே ஜில்லுனு இருந்தா அப்பாவ என்கூட கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று போனில் சொல்லிவிட்டான்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. மாமாவின் நெஞ்சுக்குக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சின்ன ஹீட்டர் வைத்தால் தொண்டை வறண்டு இருமல் அவரைப் பின்னி எடுக்கிறது. ஆனால் மச்சான் வீட்டில் காலையில் எல்லாரும் வேலைக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். அங்கே மாமா சுவரோடுதான் பேச வேண்டும். இங்கே என்றால் மகளோடு நாள் முழுக்கச் சண்டை போடலாம். அவருக்கு அதுதான் மருந்து.

எங்கள் வீட்டில் இருப்பது ஹீட் பம்ப். வெயில் காலத்தில் அது ஏசி. குளிர் காலத்தில் அதே மெஷின் தலைகீழாக ஓடி வீட்டைச் சூடாக்கும். அப்படித் திருப்பிவிடுவது வெளியே இருக்கும் பெட்டிக்குள் உள்ள ஒரு வால்வு. அதன் காயிலுக்குக் கரண்ட் வந்தது. ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கிட்டே கொண்டுபோனால் காந்தம் இழுத்தது. பிடியால் வால்வை நாலு தட்டு தட்டினேன், மசியவில்லை. குழாய்களைத் தொட்டால் ஒன்று சுட வேண்டும், ஒன்று சில்லிட வேண்டும். எல்லாமே வெதுவெதுவென்று இருந்தன. வால்வு அந்தப் பக்கமும் போகாமல் இந்தப் பக்கமும் வராமல் நடுவில் சிக்கியிருந்தது. மாற்றியே ஆக வேண்டும். பழைய மாடல் என்பதால் கடைக்காரரிடம் கடைசியாக ஒன்றுதான் இருந்தது. "இதுக்கு மேல ஆர்டர் போட்டா குளிர்காலமே முடிஞ்சிடும்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் மெஷினில் இருந்த கேஸை சிலிண்டரில் பிடித்து வைத்துவிட்டுப் பழைய வால்வை எடுத்தேன். மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதாவது பிடிக்கணுமா மாப்ள?"

"நீங்க சும்மா இருந்தா போதும் மாமா."

அவர் பிறந்ததிலிருந்து சும்மா இருந்ததில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன.

இந்தப் புது வால்வைக் குழாயோடு பற்றவைப்பது கொஞ்சம் வில்லங்கமான வேலை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு முன்னும் பின்னும் நகர வேண்டும். சூடு ஏறினால் உருகிவிடும். அதனால் வால்வு மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுத்தான் கேஸ் டார்ச்சின் தீயைக் காட்ட வேண்டும். ஒரு இணைப்பை முடித்தேன். டார்ச்சில் கேஸ் தீர்ந்தது. வேனுக்குப் போய் வேறு எடுத்து வந்தேன். வரும்போதே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அதை மாட்டினால் தீயின் நுனியைத் தவிர ஒன்றும் தெரியாது. மற்ற மூன்று இணைப்பையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன்.

வால்வு மொட்டையாக நின்றது. துணி, கொடியில் கிளிப் போட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"பிழிஞ்சு காயப்போட்டுட்டேன்" என்றார் மாமா. "சூடு வர வேண்டிய சாமான்ல ஈரத்தச் சுத்திட்டு மறந்துட்டீங்களே."

அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வால்வுக்குள் இருந்த பிளாஸ்டிக் உருகாமல் இருக்க வழியே இல்லை.

ஆனாலும் ஒரு நப்பாசை. கேஸை ஏற்றி மெஷினை ஓடவிட்டேன். குழாய்களைத் தொட்டேன். எல்லாம் பழையபடி வெதுவெதுவென்றே இருந்தன. உள்ளே மாமா காற்று வரும் இடத்தில் கையை நீட்டிக்கொண்டு, "வருது, வருது" என்று மகளுக்கு அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மச்சான் வந்து நின்றான். என் மனைவி எல்லார் எதிரிலும் கேட்டாள்: "புது வால்வு தானே? அப்புறம் என்னதான் ஆச்சு?"

துணி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அந்த மனுஷன் இனி இந்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்த மாட்டார். திரும்பி வரவும் மாட்டார். வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

"என் தப்புதான். சூடு அதிகமாயிடுச்சு."

"உங்களுக்குத் தெரிஞ்சதே இந்த ஒரு வேலைதான்" என்றாள். அப்பாவின் ஸ்வெட்டர்களை மடிக்கப் போய்விட்டாள். மச்சான் செருமினான்.

காரில் ஏறுவதற்கு முன் மாமா என் தோளைத் தட்டினார்.

"மனச விட்டுடாதீங்க மாப்ள. எல்லாருக்கும் தப்பு வர்றதுதான். அடுத்த வால்வு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் கூட இருந்து பாத்துக்கறேன்."

"சரி மாமா" என்றேன்.