நிறம் மாறாத கொழுந்து

குகனேஸ்வரன் அன்று தேயிலைக் கொழுந்தை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு வந்ததற்குக் காரணம் அறிவியல் அன்று, பெருமை.

இலையில் மாவுச்சத்து இருக்கிறதா என்று அறியும் சோதனை அது. நான்காம் படிவ வகுப்பின் மற்ற மாணவர்கள் இடைவேளை முடிந்ததும் பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தியில் ஆளுக்கோர் இலையைக் கிள்ளி வந்தார்கள். அவனோ விடியற்பனியிலேயே, மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான தன் லயத்தின் பின்சரிவில் இரண்டிலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து பறித்து, புத்தகப்பையின் அடியில் பத்திரப்படுத்தியிருந்தான். தோட்டத்தில் நல்ல இலை என்றால் கொழுந்துதான். அதில் அவனுக்கு ஒருநாளும் ஐயம் எழுந்ததில்லை.

பெருமையைவிட அவனுக்கு மதிப்பெண்ணே தேவைப்பட்டது. உயிரியல் ஆசிரியை உமாதேவி முந்தின வாரமே எச்சரித்திருந்தார். "ரெண்டு ரிப்போர்ட் அரைகுறை, குகன். இதுவும் அப்படியே வந்தா, உன்ன கணக்கியல் வகுப்புக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்." கணக்கியல் இழிவான பாடமன்று. ஆனால், பள்ளியில் அவன் கொட்டாவி விடாமல் நிற்கும் இடம் இந்த ஆய்வுக்கூடம் ஒன்றே. நுண்ணோக்கியில் வெங்காயத் தோலின் உயிரணுக்கள் செங்கற்சுவர்போல் அடுக்கடுக்காகத் தெரிந்த நாளில், தன் முறை முடிந்த பிறகும் அவன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அவனுக்குக் கூட்டாளியாக வாய்த்தவள் புனிதா. ரிங்லெட்டில் பூ வியாபாரம் செய்பவரின் மகள். மெல்லப் பேசுவாள், அதனினும் மெல்ல வேலை செய்வாள். இலையைக் கொதிநீரில் இட்டு எடுத்ததும், அதை எத்தனால் ஊற்றிய சோதனைக்குழாயில் போட்டு, குழாயை அவன் நேரே தீயருகே கொண்டு போனான்.

"நிறுத்து. மொதல்ல அடுப்ப அணை."

"நேரா காட்டுனா சீக்கிரம் முடிஞ்சிரும் லா."

"எத்தனால் தீப்பிடிச்சு ஒன் புருவமும் சேந்து முடிஞ்சிரும்."

அவளே தீயை அணைத்துவிட்டு, குழாயை வெந்நீர்க் குவளைக்குள் நிறுத்தினாள். பச்சையம் சிறிது சிறிதாகக் கரைந்து எத்தனாலில் இறங்கியது, கொழுந்து வெளிறியது. அதை நீரில் நனைத்து வெள்ளைப் பீங்கான் ஓட்டின்மேல் விரித்து, அயோடினைச் சொட்டவிட்டாள். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாக வேண்டும். சுற்றியிருந்த மேசைகளில் செம்பருத்தி இலைகளெல்லாம் மையில் தோய்ந்தவைபோல் கருத்துக் கிடந்தன. கொழுந்து மட்டும் பழுப்பாகவே இருந்தது.

"எல்லாருக்கும் கருநீலம்தான். நாமளும் அப்படியே எழுதிருவோம்," என்றான் குகன்.

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"பாக்காதத எப்படி எழுதுவ?"

"நான் கணக்கியலுக்குப் போனா, நீயா வந்து எனக்குக் கணக்குப் போட்டுக் குடுப்ப?"

"குடுக்க மாட்டேன். பொய்க்குக் கையெழுத்தும் போட மாட்டேன்."

அவள் நேரே ஆசிரியையிடம் சென்று, நிறம் மாறவில்லை என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் காரணத்தைக் கண்டு எழுதுமாறு உமாதேவி தவணை கொடுத்தார். குகனுக்கு ஆத்திரம் மூக்குநுனிவரை வந்தது. ஆனால், அவள் அதைப் பொருட்படுத்தாமல் கேள்வி கேட்கத் தொடங்கினாள். செம்பருத்தி இலைகள் முற்றியவை, தங்களுடையது இளந்தளிர். அவை வெயிலில் நின்றவை; இது விடியலில் பறிக்கப்பட்டு, இருட்டுப் பையில் கிடந்தது.

"அப்ப சரி," என்றான் அவன். "நாளைக்கு முத்துன இலையா பாத்து, வெயில் ஏறுனப்புறம் பறிச்சிருவோம். கருத்துரும். கதை முடிஞ்சது."

"கருத்தா, எதனாலன்னு எழுதுவ? முத்துனதாலயா, வெயிலாலயா?"

இரண்டையும் ஒருசேர மாற்றினால் எது செய்த வேலை என்று எவராலும் சொல்ல முடியாது. இவ்வளவு எளிய செய்தி தன் புத்திக்கு எட்டாமல் போனதே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அது எட்டியவளை நிமிர்ந்து பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

ஒரே செடியிலிருந்து நான்கு இலைகள் என்று முடிவாயிற்று: விடியலில் ஒரு கொழுந்தும் ஒரு முற்றிய இலையும், நண்பகலில் அவ்வாறே இரண்டும். பள்ளி வேலியை ஒட்டிய தேயிலைச் செடியொன்றில் புனிதா சிவப்பு நூல் கட்டினாள். அந்த வாரம் அச்செடி நின்ற சரிவில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த குகனின் தாய் ரஞ்சிதம், கூடையைத் தாங்கியபடி வேடிக்கை பார்த்தாள்.

"கொழுந்துன்னா எடுத்துக்க. முத்துன இலை எதுக்குடா? அத நிறுவையில போட்டா கங்காணி என் மூஞ்சியிலயே வீசுவாரு."

"டீச்சர் வீச மாட்டாங்கம்மா."

"அவங்களுக்குக் கொழுந்து தெரியாது லா, பாவம்."

மறுநாள் விடியலில் முதல் இரண்டு இலைகளைப் பறித்தாயிற்று; பிறகு பனி விலகி வெயில் ஏறியது. மழை இறங்குமுன் நண்பகல் இலைகளையும் பறித்துக்கொண்டு இருவரும் ஆய்வுக்கூடத்திற்கு ஓடினார்கள். இம்முறை எத்தனால் புட்டியைத் திறக்குமுன் குகனே தீயை அணைத்தான். நான்கு இலைகளுக்கும் ஒரே அளவு நீர், ஒரே அளவு எத்தனால், ஒரே அளவு அயோடின். புனிதாவின் கை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. கோயிலில் விளக்கேற்றுபவரின் நிதானம் அந்தக் கையில் இருந்தது.

விடியற்கொழுந்து முன்போலவே பழுப்பாயிற்று. விடியலின் முற்றிய இலையில் ஓரமாக ஒரு மங்கல் மட்டுமே படர்ந்தது. நண்பகற்கொழுந்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான். நண்பகலின் முற்றிய இலையோ நரம்பைச் சுற்றிக் கருத்து, பிறகு விளிம்புவரை கருநீலமாகப் பரவியது. வெயில் மட்டும் போதாது; முதிர்ச்சி மட்டும் போதாது; இரண்டும் வேண்டும். தன் குறுக்குவழியில் போயிருந்தாலும் இந்தக் கருநீலம் கிடைத்திருக்கும். அதன் பொருள் கிடைத்திராது.

வெள்ளிக்கிழமை உமாதேவி அறிக்கையை இறுதிவரை படித்துவிட்டு, குகனை மட்டும் அழைத்தார். புனிதா வாசலில் காத்து நின்றாள்.

"மொத நாள் கருக்காததையும் எழுதியிருக்கீங்க. அத விட்டுட்டு எழுதியிருந்தா இன்னும் அழகா இருந்திருக்கும் இல்ல?"

"அதுவும் நடந்ததுதானே டீச்சர். அது இல்லாட்டி இந்த நாலையும் செஞ்சிருக்கவே மாட்டோம்."

"புனிதா சொல்லிக் குடுத்தாளா?"

"நாலு இலை எதுக்குன்னு அவதான் சொன்னா. இத நானா சொல்றேன்."

அவர் அறிக்கையில் கையெழுத்திட்டு மூடினார். "அடுத்த வாரம் உருளைக்கிழங்குத் துண்டு, உப்புநீர், சாதா நீர். கிழங்கு நீ கொண்டு வா. லேட்டா வராத."

கணக்கியலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குகன் வெளியே வந்தான். வாய் தானாகவே சிரிப்பில் விரிந்துகொண்டிருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் புனிதா.

"உருளைக்கிழங்கு கொண்டாரச் சொன்னாங்க."

அவன் உயிரியலிலேயே இருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "அப்ப ரெண்டு கொண்டா. உப்புநீருக்கு ஒண்ணு, சாதா நீருக்கு ஒண்ணு."

"ரெண்டு எதுக்கு? ஒரே கிழங்குல வெட்டுவோம். வேற வேற கிழங்குன்னா அதுவே ஒரு வித்தியாசம் லா."

"சரி, ஒண்ணே கொண்டா," என்று புனிதா ஒப்புக்கொண்டாள்.