நூலில் கட்டிய காந்தம்

ரெனிஷாவின் கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்து டெனிஷ் அவளுடைய மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தான். பேனா, ஆதார் அட்டை, பாதி காலியான மாத்திரை அட்டை. கண்ணாடிக்கூடு அடியில் கிடந்தது. அதனருகே வெள்ளை நூலில் கட்டிய சிறிய காந்தம்.

கூடத்தில் பிரீசர் பெட்டியின் மோட்டார் ஓடியது. நாலு மணிக்கு அடக்க ஆராதனை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஆறாம் நாள் இப்படித் திரும்பியிருந்தாள்.

"கண்ணாடி கிட்டிச்சா மக்கா?" ரெனிஷாவின் அம்மா ஜெயபாய் வாசலில் நின்றாள். "அது இல்லாம பிள்ளைக்கி ஒண்ணும் தெரியாது. நீதான் போட்டு விடணும்."

"கிட்டிச்சு மாமி. வாறேன்."

அவள் நகர, பின்னால் ராஜையன் நின்றார். ரெனிஷா சோதனைப் பொறியாளராக இருந்த குழாய் ஒர்க்‌ஷாப்பின் ஃபோர்மேன். கையில் நாளிதழில் சுற்றிய பொதி.

"தம்பி, இன்னைக்கி இத கேக்கப்பிடாது. கேக்கலேன்னா லாரி போயிரும்."

பிரித்தார். ஒரு முழ எவர்சில்வர் குழாய், நடுவில் வளைத்தது. ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் ஒன்றுக்கு அனுப்ப இதுபோல் நாற்பத்திரண்டு செய்திருந்தார்கள். ஒன்றும் தேறாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ரெனிஷா ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"காய்ச்சல்ல என்னமோ எழுதிட்டான்னு மானேஜர் சொல்லுகாரு. அஞ்சு மணிக்கு அனுப்பணுமாம். நானும் காந்தம் வச்சுப் பாத்தேன் கேட்டியா, ஒட்டல்ல. அசல் எவர்சில்வரு. நீயும் இதே வேல பாக்கவன். சொல்லு, பிள்ள எழுதினது தப்பா?"

"எங்க வச்சுப் பாத்திய?"

ராஜையன் குழாயின் நேரான பகுதியைக் காட்டினார்.

டெனிஷ் கட்டிலில் கிடந்த காந்தத்தை எடுத்து, நூலின் நுனியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டான். ரெனிஷா அப்படித்தான் செய்வாள். இரண்டு கையும் குழாய்க்கு வேண்டும் என்பாள். புதுக்கடையில் தங்கள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கப் போன இடத்திலும் அப்படித்தான் நின்றாள். "எம்மா, நீ பாத்திரம் வாங்க வந்தியா, தூண்டி போட வந்தியா?" என்றார் கடைக்காரர். நூலை விடாமலே சிரித்தாள்.

நேரான பகுதியைக் காந்தத்தின் அருகே கொண்டுபோனான். அது அசையவில்லை. குழாயைத் திருப்பி, வளைவின் வெளிப்புறத்தைக் காட்டினான். நூல் சாய்ந்தது. காந்தம் மெல்லப் போய் ஒட்டிக்கொண்டது.

ராஜையன் குனிந்து பார்த்தார்.

டெனிஷ் நூலை வாயிலிருந்து எடுத்தான். "சூடாக்காம வளைச்சிருக்கு அண்ணே. இழுபட்ட எடத்துல உலோகம் உள்ளுக்குள்ள மாறிட்டு. அதான் காந்தம் புடிக்கி. ஹைட்ரஜன் அதுக்குள்ள ஏறும். கொஞ்ச நாள் தாங்கும். பொறவு ஒரு நாள் கீறி பொளந்திரும். பக்கத்துல ஆளு நிக்கும்."

"வளைச்ச பொறவு உலையில வச்சு எடுத்ததா சர்டிபிகேட் இருக்கே."

"வச்சிருந்தா ஒட்டாது."

ராஜையன் சட்டைப்பையிலிருந்து அறிக்கையின் நகலை எடுத்தார். நீல மையில் ரெனிஷாவின் எழுத்து. ஒரு வரிகூடக் கோணவில்லை. கட்டிலில் கிடந்த அவள் பேனாவை டெனிஷ் எடுத்தான். அவள் கையெழுத்துக்குக் கீழே எழுதினான்: 'நானும் பார்த்தேன். அறிக்கை சரி.' பெயரும் நேரமும் போட்டான்.

"கேஸு கீஸுன்னு வந்தா?"

"வரட்டும். நான் வந்து சொல்லுகேன்."

ராஜையன் முற்றத்துக்குப் போய்ப் போனில் பேசுவது கேட்டது. "எலே, ஏத்தாத. ஏத்தினத எறக்கி வையி... மானேஜர்ட்ட நான் பேசுகேன். பிள்ள எழுதினதுதாம்ல செரி."

கூடத்தில் பாட்டு தொடங்கியிருந்தது. பிரீசர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஜெயபாய் விலகி இடம் விட்டாள்.

கண்ணாடியை மாட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. டெனிஷ் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தான். மூக்கின் இருபுறமும் பழைய தடம் இருந்தது. கண்ணாடி அதில் சரியாக உட்கார்ந்தது. அவன் நிமிரவில்லை. காந்தம் கொஞ்ச நேரம் ஆடி, நேராக நின்றது.