ஷெட் இல்லாத இடம்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. வரிசையில் நின்றபோது காதில் விழுந்தது. ஆஸ்திரேலியாவில் டின் கேன் பே என்ற கடலோர ஊரில் வீட்டுப்படகு வாடகைக்கு விடும் இடத்தில் எனக்கு முன்னால் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம், "இந்தப் படகுல ஷெட் மாதிரி எதுவும் இல்லையே?" என்று கேட்டாள். அவர் விழித்தார். சாமான் அறை, கருவி வைக்கிற மூலை, ஓர் ஆண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்படியான எந்தப் பொந்தாவது உண்டா என்று விளக்கினாள். இல்லை என்றார். "அப்போ இதையே குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் வந்த வேலையைப் பார்த்திருக்கலாம். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டேன்.

பெயர்கள் நான் வைத்தவை. அவள் நெரிடா, கணவன் ரெக்ஸ். பக்கத்து ஊரான மேரிபரோக்காரர்கள். அவன் மர ஆலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். அவள் ஊர் நீச்சல்குளத்தில் கைக்குழந்தைகளுக்கு நீந்தச் சொல்லிக்கொடுக்கிறாள். வருகிற ஜனவரியில் அவர்களுக்கு முப்பத்தைந்தாவது கல்யாண நாள்.

2

முதல் தொடக்கம்: "அலையாத்திக் காடுகளின்மேல் காலைப் பனி மெல்ல—" குவீன்ஸ்லாந்தில் ஜனவரி என்றால் நடுக்கோடை, ஏது பனி? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே தலையணையில் தலைசாய்த்த அந்த இணை—" பொய். அவன் குறட்டைக்குப் பயந்து அவள் பக்கத்து அறைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது.

மூன்றாவது: "'ஏங்க, இந்த வருஷமாவது எங்கயாச்சும் போலாங்க' என்றாள் நெரிடா." இதை எழுதியபோது நெரிடா தாளுக்குள்ளிருந்து என்னை முறைத்தாள். மேரிபரோவில் எந்தப் பெண் புருஷனிடம் இப்படிக் குழைகிறாள்? அதுவும் போயிற்று.

நான்காவது நிற்கிறது, ஏனென்றால் அதில் அழகு எதுவும் இல்லை: நெரிடாவுக்கு ரெக்ஸிடம் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. "நான் வரலை, நீ போயிட்டு வா."

வேறொன்றுமில்லை, ரெக்ஸ் கேரவன் வாங்கிவிட்டான், அதாவது சக்கரம் வைத்த குட்டி வீடு. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, வண்டிக்குப் பின்னால் கேரவனைக் கட்டிக்கொண்டு நாடு முழுக்க ஒரு சுற்று. இங்கே அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதுதான் காசியாத்திரை. மே மாதம் புறப்பாடு, திரும்புவது எப்போது என்று அவனுக்கே தெரியாது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாம போறோம்" என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. நெரிடாவுக்கோ அவள் குளம் வேண்டும், குழந்தைகள் வேண்டும், அவள் கட்டில் வேண்டும். எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தாள். அவள் குரலில் அந்தத் தொனி வந்ததுமே ரெக்ஸ் எழுந்து, "சொல்லு சொல்லு, கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றபடி பின்வாசல் வழியாக ஷெட்டுக்குப்* போய்விடுவான். அதோடு சரி.

கேரவனை நெரிடா பெரிதாக நினைக்கவில்லை. தான் இப்படி ஒன்று சொன்னால் இந்த மனிதன் எதிரே உட்கார்ந்து கேட்பானா என்பதுதான் அவள் கேள்வி. கேட்கமாட்டான் என்றால், அவன் மே மாதம் போவதோடு எல்லாம் முடிந்ததாகவே அவள் எடுத்துக்கொள்வாள். அது அவளுக்குப் பயமாக இருந்தது.

(* இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒன்று உண்டு. தகரக் கூரை, ஒரு விசிறி, பழைய குளிர்சாதனப் பெட்டி, எதையோ பழுதுபார்க்கும் ஓர் ஆண். நான் இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள்.)

3

ஆகவே நெரிடா திட்டம் போட்டாள். சமையலறை மேசையில் வரைபடம், கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட சின்னப் புத்தகம், ஆறிப்போன தேநீர். ஆளில்லாத, ஓசையில்லாத, தப்பிக்க வழியில்லாத இடமாக வேண்டும்.

எதிரே உள்ள காரி தீவில் ஒரு குடிலை இணையத்தில் பார்த்தாள். வாசலில் கடல், பின்னால் காடு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வலது ஓரத்தில் ஜெனரேட்டர் கொட்டகை. ரெக்ஸ் வாசனை பிடித்தே அங்கே போய்விடுவான். அடுத்து, நூசா ஊருக்கு வடக்கே தேநீர் நிறத்தில் தண்ணீர் நிற்கும் சதுப்பில் இருவர் துழாவும் சிறு படகு. முன்பதிவு செய்யக் கையை வைத்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது, ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். இதை ஒரு முதுகிடம் சொல்ல முடியாது.

கடைசியில் வீட்டுப்படகு. காரி தீவுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள நீரிணையில் ஏதாவதொரு அலையாத்தி சூழ்ந்த உப்பங்கழிக்குள் நங்கூரம் போட்டால் சுற்றிலும் முழங்கால் சேறு. ஒரே அறை, ஒரு கட்டில், ஓர் அடுப்பு, கைப்பிடிக் கம்பி. அவ்வளவுதான்.

(படகின் பின்னால் ஒரு டின்னியையும் கயிற்றில் கட்டிவைத்தேன். டின்னி என்றால் மோட்டார் பொருத்திய சிறிய அலுமினியப் படகு. எல்லா வீட்டுப்படகுக்கும் பின்னால் ஒன்று மிதக்கும். காட்சிக்கு நன்றாக இருக்கட்டுமே என்றுதான்.)

அவள் இவ்வளவு பாடுபட்டால், ரெக்ஸ் என்ன செய்தான் தெரியுமா? எந்தக் கழியில் நண்டு நன்றாகக் கிடைக்கும் என்று மெர்விடம் கேட்டான். மெர்வ் ஆலையில் கூட வேலை பார்த்தவன், சொந்தமாகப் படகு வைத்திருப்பவன். நாங்களும் ஒரு ராத்திரி வந்துட்டுப் போறோமே என்றான். ரெக்ஸ் தலையாட்டிவிட்டு வந்தான்.

"ரெண்டு பேர்னா ரெண்டு பேர், ரெக்ஸ்."

"மெர்வெல்லாம் ஒரு ஆளா?"

"கேக் வெட்டும்போது ஆளாயிடுவான்."

மெர்விடம் வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். சொல்கிறேன் என்றான். சொன்னானா என்று எனக்கே தெரியவில்லை.

4

ரெக்ஸ் எனக்குப் பிடிபடமாட்டேன் என்கிறான். இவன் அப்பாவியா, பெரிய கைகாரனா? அப்பாவியாக எழுதினால் நெரிடா ஏன் இத்தனை வருடம் இவனோடு இருந்தாள் என்று நீங்கள் கேட்பீர்கள். கைகாரனாக எழுதினால் நானே இவனை அடித்துவிடுவேன்.

எப்போதும் நாலு பேரைச் சுற்றி வைத்துக்கொள்கிறவன் ஒன்று மனிதர்களை நேசிப்பவன், அல்லது ஒரே ஒருத்தருக்குப் பயப்படுபவன். (இந்த வரி அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பாதீர்கள்.)

இதுவும் அவனைப் பற்றியதுதான்: குளத்தில் வகுப்பு நடக்கும் நாட்களில் அவள் துண்டை அவன்தான் வெயிலில் காயப்போட்டு எடுத்து வைக்கிறான். யாரும் சொல்லாமலே. இதை எழுதிவிட்டு எனக்கு அவன்மேல் கோபம் குறைந்தது. கோபம் குறைந்ததில் எனக்கு எரிச்சல்.

5

புறப்பட்டார்கள். மெர்வ் வரவில்லை. நெரிடா படகை ஓட்டினாள், சாயங்காலம் இடம் பார்த்து நங்கூரம் போட்டாள், இரவு சாப்பாட்டுக்குக் கீரை கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் என் கைக்குள் இருந்தது. அப்போதுதான் ரெக்ஸ் படகு வானொலியின் மைக்கைக் கையில் எடுத்தான்.

கடலில் இறங்குகிறவர்கள் தன்னார்வ மீட்புக் குழுவின் வானொலிக்காரர்களிடம் எங்கே இருக்கிறோம், எத்தனை பேர் என்று சொல்லிவைப்பது இங்கே வழக்கம். உயிர் காக்கிற வழக்கம், குறை சொல்லமாட்டேன். ஆனால் சொல்வது நீரிணையில் உள்ள அத்தனை படகுக்கும் கேட்கும்.

"ரெண்டு பேர். எங்க கல்யாண நாளு. யாரும் தொந்தரவு பண்ணாத இடமா வேணும்னு வீட்டுக்காரி ஆசைப்பட்டா. அதனால தீவுப் பக்கமா, ரெண்டாவது கழிக்குள்ள, செத்த மரம் ஒண்ணு சாஞ்சு நிக்கும் பாருங்க, அதுக்கு நேர் கீழ இருக்கோம்."

தண்டோரா போட்டிருந்தால்கூட இவ்வளவு தெளிவாகப் போட்டிருக்க முடியாது. நெரிடா கீரையை அப்படியே தொட்டியில் போட்டாள்.

மறுநாள் காலையில், வருடத்திலேயே மிகப் பெரிய கடலேற்றத்தில் கழி ததும்பிக்கொண்டிருந்தபோது வந்தார்கள். முதலில் மெர்வும் அவன் மனைவி லொரெய்னும், மடியில் பழம் அடுக்கிய பாவ்லோவா கேக்கோடு. பிறகு வரிசையாகப் படகுகள். அவற்றில் வந்தவர்களுக்குப் பெயர் வைக்க எனக்குப் பொறுமை இல்லை. இறால், பியர், மடக்கு நாற்காலி, வாழ்த்து. ரெக்ஸுக்கு முகமெல்லாம் பல்.

நான் சும்மா இருக்கவில்லை. மணற்கொசுவை அனுப்பினேன். கொசுவர்த்தி ஏற்றினார்கள். மழையை அனுப்பினேன். தார்ப்பாய் கட்டி, சூடு தணிந்ததென்று இன்னும் சந்தோஷமானார்கள். அடுத்து நீர் வடியும்போது வீட்டுப்படகை மணல்திட்டில் தட்டவைத்து ஒரு விபத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். ஆனால்

நெரிடா எனக்காகக் காத்திருக்கவில்லை.

"தண்ணி இறங்குது நெரிடா, படகு மணல்திட்டு மேல ஒதுங்கியிருக்கு, ஆழத்துக்கு நகத்திக்கோ" என்றான் மெர்வ். சாவியைக் காணோம் என்றாள் அவள். ரெக்ஸ் மெத்தையைப் புரட்டினான், அடுப்புக்குப் பின்னால் கைவிட்டான். தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. லொரெய்ன் நெரிடாவின் சட்டைப்பையைப் பார்த்தாள், அப்புறம் முகத்தைப் பார்த்தாள். "வா மெர்வ், நாமளும் மாட்டிக்குவோம்" என்று புருஷனை முழங்கையால் நெட்டித் தள்ளிக்கொண்டு போனாள். ஆழம் தேடி எல்லாப் படகும் ஓடின. வீட்டுப்படகு தட்டை அடியோடு மணலில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.

ரெக்ஸ் வானொலியில் கேட்டான். படகு நேராக இருக்கிறதா, தண்ணீர் உள்ளே வருகிறதா என்றார்கள். ஆபத்து இல்லையென்றால் காலை ஏற்றம்வரை பேசாமல் இருங்கள் என்றார்கள். பேசாமல் இருங்கள் என்றது நெரிடாவுக்குச் சிரிப்பை மூட்டியது. வானொலியின் குமிழைத் திருகி அணைத்தாள்.

6

சாயங்கால ஏற்றம் சின்னது. வீட்டுப்படகைத் தூக்க அதற்கு வலுவில்லை. அலையாத்தி வேர்களுக்கு நடுவே தண்ணீர் வந்து படகின் விளிம்பைத் தொட்டுவிட்டு நின்றது. எங்கேயும் ஒரு சத்தம் இல்லை. நெரிடா இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டாள்.

"ரெக்ஸ், உக்காரு."

அவன் அந்தத் தொனியைக் கண்டுகொண்டான். நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தான். பார்வை பின்பக்கம் போய் நின்றது. வீட்டுப்படகைத் தூக்காத தண்ணீர் அங்கே டின்னியைத் தூக்கியிருந்தது.

"காலைல டின்னி மோட்டார் ஒரு மாதிரி இருமுச்சு. ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன். நீ சொல்லு, காது இங்கதான் இருக்கு."

ஸ்பானரை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

தலையில் அடித்துக்கொண்டேன். அந்த டின்னியை அங்கே கட்டியது யார்? நான். அவள் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஷெட்டாகக் கழித்துக் கட்ட, நான் காட்சிக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஒரு ஷெட்டைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டிருக்கிறேன்.

முடிவு அ: ரெக்ஸ் டின்னியில் இறங்கி, அப்படியே நண்டுப்பொறி பார்க்கப் போய்விடுகிறான். மே மாதம் கேரவன் புறப்படுகிறது. முன் இருக்கையில் நெரிடா, மடியில் வரைபடம், வாயில் அந்த வாக்கியம். இதை எழுதி முடித்து, அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் கிழித்தேன்.

முடிவு ஆ: அவள் சொல்கிறாள். "அதுக்கென்ன" என்று சிரித்து அவன் கேரவனை விற்றுவிடுகிறான். இருவரும் மீந்த பாவ்லோவாவைத் தின்கிறார்கள். எனக்கே திகட்டியது.

முடிவு இ: நெரிடாவே எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்து— இல்லை. இடம் தேடியது அவள், படகு ஓட்டியது அவள், சாவியை ஒளித்தது அவள். இன்னும் எத்தனையைத்தான் அவள் தலையிலேயே கட்டுவது?

7

ரெண்டு பேர்னா ரெண்டு பேர் என்று அவள் ஆரம்பத்திலேயே சொன்னாள். இப்போது படகில் யார் யார் என்று பாருங்கள். நெரிடா, ரெக்ஸ். அப்புறம் நான். நாற்காலிக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நீங்கள். மெர்வைக் குறை சொன்னோமே, நாம் மட்டும் அழைப்பின் பேரிலா வந்தோம்?

எழுந்திருங்கள். ஆமாம், உங்களைத்தான். ரெக்ஸ் இன்னும் இரண்டு எட்டு வைப்பதற்குள் நாம் இறங்கியாக வேண்டும். டின்னியில் இருவருக்கு இடம் உண்டு. பார்த்து, ஆடும். கயிற்றை நான் அவிழ்க்கிறேன், துடுப்பால் நீங்கள் தள்ளுங்கள்.

ரெக்ஸ் பின்பக்கம் வந்துவிட்டான். கையில் ஸ்பானர். டின்னி தன்பாட்டுக்கு விலகிப் போவதைப் பார்க்கிறான். நெரிடா உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாள். அவன் ஸ்பானரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்கிறான். குனிந்து, மெதுவாக, தரையில் வைக்கிறான். திரும்புகிறான்.

அவள் வாயைத் திறக்கிறாள்.

திரும்பிப் பார்க்காதீர்கள். தண்ணீர்மேல் குரல் வெகுதூரம் வரும், காதையும் பொத்திக்கொள்ளுங்கள். அவன் உட்கார்ந்தானா, என்ன சொன்னான் என்பதையெல்லாம் அவர்கள் இருவரும் தெரிந்துகொண்டால் போதும். எதற்கும் இருக்கட்டுமென்று மோட்டார் கயிற்றை இழுக்கிறேன்.

முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அதில் ஒரு கோளாறும் இல்லை.